பறக்கும் தேரில் இரண்டு இளவரசிகள்

"ரெண்டு இளவரசிகள் மாலை மாத்துறதோ? எந்த உலகத்தில பிள்ளை?"

வட்டக்கச்சி மாதர் சங்கத் தலைவி இராசேஸ்வரி நாடகக் கொப்பியை மேசையில் போட்டார்.

"மந்திர உலகத்தில, அக்கா. அங்கை தேர் பறக்குது, மான் கதைக்குது" என்றாள், நாடகத்தை எழுதிய சுரேகா.

"மான் என்னவும் கதைக்கட்டும். கலியாணம் ஒழுங்கா நடக்கவேணும். ஒரு இளவரசனைப் போடு. இல்லாட்டி ஆண்டு விழாவில நாடகமே இல்லை."

சுரேகாவின் முகம் வாடியது. அந்த மாலைக் காட்சிக்காகவே மூன்று மாதம் இருந்து எழுதியவள் அவள்.

"இளவரசன் வந்தா மாலை மாத்தலாமோ, அக்கா?"

"தாராளமா!"

மூலையில் உடுப்புத் தைத்துக்கொண்டிருந்த சிநேகிதி தயாளினி தலையை நிமிர்த்தினாள். "போடன், சுரேகா. எங்களுக்கு மாலைதானே முக்கியம்."

சுரேகா பேனையை எடுத்துத் திருத்தினாள்.

விழாவன்று தலைவிக்குக் கால் நிலத்தில் படவில்லை. ஜாம் போத்தலில் செய்த விளக்கின் கரியை எண்ணெயில் குழைத்து, இளவரசனுக்குத் தன் கையாலேயே மீசை கீறினார். மேடை ஓரத்தில் நின்று, "இளவரசி, வெக்கப்படாமல் மாலையைப் போடு! கையைப் பிடி!" என்று சத்தம் வைத்தார். மாலை விழுந்ததும், மணமக்களை வாழ்த்தி அறுகரிசியும் தூவினார். ஊரே கைதட்டியது.

மாதர் சங்க நாடகத்தில் ஆம்பிளையள் நடிக்கக் கூடாதென்பது தலைவி போட்ட சட்டம்.

இளவரசி சுரேகாவின் கையை விடாமலே, மீசைக்குள் சிரித்தாள் தயாளினி.

"பாத்தியே? அக்காவே முன்னுக்கு நிண்டு கட்டி வைச்சிட்டா!"