பேன் தங்காத தலை

பரளச்சியில் பலசரக்குக் கடை வைத்திருந்த பொன்னுச்சாமியின் மனைவி கோகிலாம்பாள், ஞாயிறுதோறும் கொல்லை வெயிலில் மகள்கள் இருவரையும் உட்காரவைத்துப் பேன் பார்ப்பாள். அன்றைக்குப் பெரியவள் ராஜாமணிக்குச் சீவியதில், மடியில் விரித்த வெள்ளைத் துணி முழுக்கப் பேன். சின்னவள் கஸ்தூரியின் தலையில் ஒன்றுகூட இல்லை. நேற்றுவரை அரிப்புத் தாங்காமல் அழுத பிள்ளை.

“டிடிடி பவுடரு எதுவும் போட்டியாடி?”

“இல்லம்மா. காலையில எல்லாம் தானா எறங்கிருச்சு.”

கோகிலாம்பாள் சீப்பைக் கீழே வைத்தாள். அவள் நாத்தனார் செத்த அன்று, உயிர் போவதற்கு முன்னாலேயே தலையணை நெடுகப் பேன் இறங்கியதைப் பார்த்தவள் அவள். மகளின் நெற்றியைத் தொட்டாள். காய்ச்சல் இல்லை.

துணியிலிருந்து ஒரு பேனை எடுத்துக் கஸ்தூரியின் வகிட்டில் விட்டாள். அது தோள்வழியே விறுவிறுவென்று இறங்கி ஓடியது. இன்னொன்றை விட்டாள். அதுவும் ஓடியது.

“விடும்மா, வெளாடப் போறேன்.”

“எங்கயும் போகாத தாயி,” என்று மகளின் தலையைத் தன் தலையோடு சேர்த்து இறுக்கிக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் கோகிலாம்பாளின் கழுத்தில் குறுகுறுத்தது. தடவிப் பார்த்தாள். அவள் தலையிலிருந்த பேன்களும் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன.