ஆந்தைக் கோப்பு

ஆந்தைப் படம் போட்ட கோப்பு கணினியில் இருந்தால் அது வைரஸ், உடனே அழியுங்கள், தெரிந்த எல்லோருக்கும் அனுப்புங்கள் என்று அகராதி அலுவலகத்துக்கு 'அவசரம்' என்ற தலைப்பில் ஒரு மெயில் வந்தது. கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் செண்பகவல்லி அடுத்த நிமிடமே எல்லோருக்கும் எழுதினாள்: அது புரளி, அந்தக் கோப்புதான் நம் தமிழ் எழுத்துரு, தொடாதீர்கள். தலைப்பில் வைரஸ் என்ற சொல் இருந்ததால் எல்லோரும் அவளுடைய மெயிலைத் திறக்காமலே அழித்துவிட்டு, ஆந்தைக் கோப்பையும் அழித்தார்கள். மதியத்துக்குள் அவளுடையதைத் தவிர மற்ற பதினாறு கணினிகளிலும் அகராதி முழுக்க எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. அவள் மேலாளர் ஞானப்பிரகாசத்தின் முன்னால் போய் நின்றாள். "எவனோ மூஞ்சி தெரியாதவன் சொன்னா உடனே கேக்கறீங்க. எட்டு வருஷமா இங்கயே உக்காந்திருக்கற நான் சொன்னா ஏன் சார் கேக்க மாட்டேங்கறீங்க?" "ஆந்தைம்மா அது," என்றார் அவர். "காலங்காத்தால அந்த மூஞ்சியப் பாத்தா யாருக்குத்தான் பயம் வராது? அதுவுமில்லாம அவன் அவசரம்னு போட்டிருந்தான்." அவளுக்கு உச்சந்தலை கொதித்தது. இருக்கைக்குத் திரும்பி, பல்லைக் கடித்துக்கொண்டு, பெயரில்லாத புது முகவரி ஒன்றிலிருந்து, அதே எழுத்துருவை இணைத்து எழுதினாள்: "அவசரம்! ஆந்தையை அழித்தவர்கள் இத்துடன் உள்ள கோப்பை உடனே போடாவிட்டால் கணினி எரிந்துபோகும். தெரிந்த எல்லோருக்கும் அனுப்புங்கள்." பத்தே நிமிடத்தில் பதினாறு திரைகளிலும் தமிழ் திரும்பியது. அந்த மெயில் அவளுக்கே பதினாறு முறை வந்து சேர்ந்தது. கடைசியாக அனுப்பியவர் ஞானப்பிரகாசம். அடியில் அவராக ஒரு வரி சேர்த்திருந்தார்: "இது நிஜம். செண்பகவல்லி பொய் என்பார், கேட்காதீர்கள்."