பொருள்: வணக்கம் மேடம்

லிஃப்ட்காரர் மனுவை மேசைமேல் வைத்துவிட்டு, உட்காரச் சொல்லியும் நின்றார்.

அதில் கேட்டிருந்தது ஒன்றே ஒன்றுதான். லிஃப்ட்டின் கம்பிவடம் நைந்துவிட்டது என்று இரண்டாம் தேதி அவர் அனுப்பிய மின்னஞ்சலின் நகல்.

வடம் பதிமூன்றாம் தேதி மாலை அறுந்தது. உள்ளே இருந்த தட்டச்சுக்காரப் பெண் பிழைக்கவில்லை.

முன்கூட்டிச் சொல்லவில்லை என்று லிஃப்ட்காரரை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். நாளை விசாரணை. காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லையென்றால் வேலையும் போகும், ஒரு உயிர் போன பழியும் அவர் தலையில் விழும்.

பதிவறை எழுத்தர் கணினியில் தேடினாள். மூன்று வாரமாக அவளுக்குச் சரியான தூக்கம் இல்லை. படியேறி வரும்போது இரண்டாம் மாடியில் விசைப்பலகை தட்டும் ஓசை கேட்கிறது. இறந்த பெண் தட்டச்சு செய்த அந்த அறை பூட்டியிருக்கிறது.

"அப்படி ஒரு பதிவு இல்லண்ணே."

"அனுப்பின மெயில் எப்படி மேடம் இல்லாம போகும்? புகையா போறதுக்கு அது என்ன பீடியா?"

எப்படி என்று யாராவது கேட்டுவிட்டால் விளக்கத்தை அவளால் பாதியில் நிறுத்த முடியாது. நாற்காலியை அவர் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அரசு அலுவலகத்துக்கு வரும் மின்னஞ்சல் எல்லாமே பதிவு ஆகிவிடாது. அலுவலக வேலையைப் பற்றியது என்றால் பதிவு. காகிதக் கோப்பைப் போலவே காப்பாற்றியாக வேண்டும். காலை வணக்கம், பூப்படம், மூன்று மணிக்குக் கூட்டம் என்ற நினைவூட்டல் எல்லாம் பதிவல்ல. அழிக்கலாம்.

எது எந்த வகை என்று பிரிப்பது இயந்திரமல்ல, பெட்டியைப் பார்க்கும் ஆள். இந்த அலுவலகத்தில் அது அவள்தான். நாளொன்றுக்கு முந்நூறு வரும். எல்லாவற்றையும் திறந்துகொண்டிருந்தால் விடிந்துவிடும். அதனால் 'பொருள்' என்ற கட்டத்தைப் பார்த்தே பிரிக்க வேண்டியிருக்கிறது.

"அந்தக் கட்டத்துல நீங்க என்னண்ணே போட்டீங்க?"

"மரியாதையா 'வணக்கம் மேடம்'னு போட்டேன். எடுத்த எடுப்புல வடம் அறுந்துடும்னா எழுதுவாங்க?"

அவள் தலையாட்டினாள்.

"சரி மேடம், அழிச்சா அழிச்சதுதானா? ஒரு தடயமும் இருக்காதா?"

இருக்காது என்று சொல்லியிருக்கலாம். அவர் திரும்பிப் போயிருப்பார்.

இருக்கும் என்றாள். அழிப்புப் பதிவேடு என்று ஒன்று உண்டு. கணினி தானாகவே எழுதிக்கொள்ளும். உள்ளே என்ன எழுதியிருந்தது என்பது அதில் இருக்காது. யார் அனுப்பியது, பொருள் என்ன, எப்போது வந்தது, எப்போது திறந்தது, எப்போது அழித்தது, அவ்வளவுதான். அந்த ஏட்டை மட்டும் யாராலும் அழிக்க முடியாது. அதற்கான வழியையே வைக்கவில்லை. இதைச் சொல்லும்போது அவள் குரலில் பெருமைகூடத் தெரிந்தது.

அவர் மனுவின் அடியில் அதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

எழுதிக் கேட்டால் கொடுத்தாக வேண்டும். அச்சு இயந்திரம் ஒரே ஒரு தாளை வெளியே தள்ளியது.

அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கட்டம் கட்டமாக விரல் வைத்துப் படித்தார்.

வந்தது: இரண்டாம் தேதி. வடம் அறுவதற்குப் பதினொரு நாள் முன்பு. அவர் முகம் தெளிந்தது. அதுபோதும், அவர் தப்பித்துவிட்டார்.

விரல் நிற்கவில்லை.

திறந்தது: பதினான்காம் தேதி, காலை 9.02.

அழித்தது: பதினான்காம் தேதி, காலை 9.10.

அப்போதுதான் அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"மொத்தமே ஆறு வரிதான் மேடம் எழுதியிருந்தேன்," என்றார். "எட்டு நிமிஷமா படிச்சீங்க?"