கொடியேற்ற ஒரு கை

"அமெரிக்கக்காரன் ஏத்துற கொடிக்குக் கீழ நாங்க நிக்க மாட்டோம், அச்சோ!"

மாதர் சங்கத் தலைவி ரத்னபாய் பங்குத்தந்தையிடம் சொன்னது கோயில் கூட்டத்தின் கடைசி பெஞ்சு வரை கேட்டது. மைக் அணைந்துதான் இருந்தது.

லிஜாவுக்குக் காது சூடானது. அமெரிக்கக்காரன் என்றது அவள் அண்ணன் சஜு அச்சனை. பதினெட்டு வருடமாக அமெரிக்காவில் பங்குத்தந்தை. போன வருடம் அந்த நாட்டுக் குடிமகனாகிவிட்டார். இந்தக் கோயில் திருநாளுக்கு அவர்தான் கொடியேற்றுவார் என்று காட்டாக்கடை வரை சொந்தங்களுக்கெல்லாம் போன் போட்டிருந்தாள் லிஜா. இனி எந்த முகத்தை வைத்துக்கொண்டு மாற்றிச் சொல்வாள்?

"எனக்க அண்ணன் இங்க பிறந்த ஆளாக்கும்," என்றாள்.

"பிறந்தாப் போதுமா மக்கா? கையைத் தூக்கி, வேற நாடே வேண்டாம்ணு சத்தியம் பண்ணிட்டுல்லா வந்திருக்கு?"

சஜு அச்சன் பின்வரிசையிலிருந்து எழுந்தார். "ஆமா அக்கா. அங்க உள்ள சனங்க என்னை நம்பி இருக்காவ. விருந்தாளி மாதிரி எத்தனை நாள் இருக்க?"

"அப்போ அங்கேயே இருக்கணும். அங்க ஒரு கால், இங்க ஒரு கால்! ரெண்டு வள்ளத்துல கால் வச்சா ஆத்துலதான் விழணும்."

கைதட்டல். முன்பெஞ்சு ராஜதாஸ் விசிலே அடித்தார்.

"ஒரு கால்தான் அக்கா. பாஸ்போர்ட்டைத் திருப்பிக் குடுத்தாச்சு. வந்த மறுநாளே வோட்டர் லிஸ்டிலயும் ரேஷன் கார்டிலயும் எனக்க பேரை வெட்டச் சொல்லி எழுதிக் குடுத்தேன்."

லிஜாவுக்கு அதில் வேறு தனி வருத்தம். அவர் பேரில் வந்துகொண்டிருந்த அரிசி இனி வராது.

பங்குத்தந்தை அஜேஷ் அச்சன் எழுந்து மைக்கைத் தட்டிப் பார்த்தார்.

"ரத்னபாய் அக்கா சொல்லதுதான் சரி. ஒரு ஆளுக்கு ஒரு இடந்தான். அப்படி உள்ள ஆளே கொடியேத்தட்டும்."

ரத்னபாய் வெற்றியோடு திரும்பி லிஜாவைப் பார்த்தாள்.

"நான் ஏத்தல்ல. நான் வெள்ளறடைக்காரன், எனக்க வீட்டிலயும் ரெண்டு கார்டு உண்டு," என்று தொடர்ந்தார் அச்சன். "இங்க கேரளாவுல ஒரு ரேஷன் கார்டு, எல்லை தாண்டி களியக்காவிளையில தமிழ்நாட்டுக் கார்டு. ஓணத்துக்கு இங்க மளிகைக் கிட்டு, பொங்கலுக்கு அங்க கரும்பு. வோட்டும் ரெண்டு பக்கம். இப்படி ரெண்டு பக்கமும் கால் வைக்காதவங்க மட்டும் கை தூக்குங்க. அதில ஒரு ஆள் ஏத்தட்டும்."



ராஜதாஸுக்கு அவசரமாக ஒரு போன் வந்தது. ரத்னபாய் சேலைத் தலைப்பில் இல்லாத தூசியைத் தட்டினாள். லிஜா, அண்ணன் பக்கம் திரும்பாமல், இரண்டு கைகளையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டாள்.

அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு கைதான் உயர்ந்தது. அது அமெரிக்கக்காரருடையது.