ஆபரேஷன் கிடையாதாம்

“அண்ணி, நாளைக்கு ஆபரேஷன் கிடையாதாம். தோட்டைக் கழட்டிக் குடுங்க, இன்னொரு ஸ்கேன் எடுக்கணுமாம்.”

அண்ணி கட்டிலில் விசுக்கென்று எழுந்து உட்கார்ந்தாள். இடது மார்பில் கட்டி. மாமோகிராம் எடுத்தார்கள், அக்குள் வரை ஸ்கேன் பார்த்தார்கள், ஊசியால் சதை எடுத்தார்கள், மார்பையே எடுத்துவிடுவது என்று நாளும் குறித்தார்கள். இப்போது கிடையாதாம்!

“ஏன் கிடையாதாம்?”

“டாக்டரம்மா வந்து சொல்வாங்க” என்று நாத்தனார் தலையணையைத் தட்டிச் சரிசெய்தாள்.

அங்கேதான் அண்ணிக்குப் பொறி தட்டியது. இவள் தண்ணீர் டம்ளரை வைக்கும் ‘ணங்’ சத்தத்தில் பக்கத்துத் தெரு நாய்கள் எழுந்து குரைக்கும். அப்பேர்ப்பட்டவள் தலையணை தட்டுகிறாள்! ஆரஞ்சு உரிக்கிறாள்! சுளையிலிருந்து நார் வேறு எடுக்கிறாள்!

“எங்கிட்ட எதையோ மறைக்கிறே.”

“ஐயோ, நான் என்னத்த மறைக்கப் போறேன்?” நாத்தனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லு!”

பார்க்கவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

அழுகிறாள்! இவளே அழுகிறாள் என்றால் சந்தேகமே இல்லை. கத்தி வைத்தும் பிரயோஜனமில்லை என்று டாக்டர்கள் கைகழுவிவிட்டார்கள்.

அண்ணி அழுதுகொண்டே தோட்டைக் கழற்றினாள். மாமியார் விட்டுப்போன பச்சைக்கல் தோடு. அதற்காக இருவரும் போட்ட சண்டையில் வீட்டுச் சுவரே நாலு இடத்தில் விரிசல் விட்டிருந்தது.

“ஸ்கேனுக்காகக் குடுக்கலை. நீயே வெச்சுக்கோ. உங்கம்மா தோடு, உனக்குத்தான் வந்திருக்கணும்.”

“வேணாம் அண்ணி...”

“வெச்சுக்கோடி! போறப்போ காதுல மாட்டிக்கிட்டா போகப் போறேன்?”

நாத்தனார் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டாள்.

டாக்டரம்மா உள்ளே வந்தார். “என்னம்மா, இன்னுமா அழுதுக்கிட்டிருக்கீங்க? ஊசியில எடுத்த சதையோட முழு ரிப்போர்ட் இன்னிக்குத்தான் வந்துச்சு. உங்களுக்கு வழக்கமான மார்புப் புற்று இல்லை. இது மார்புல வந்த லிம்ஃபோமா, நிணநீர்ப் புற்று. இதுக்கு மார்பை எடுக்கவே வேண்டாம், மருந்துக்கே பெரும்பாலும் கரைஞ்சிடும். வேற எங்கயாவது இருக்கான்னு பார்க்கத்தான் இந்த ஸ்கேன். காலையிலயே உங்க நாத்தனார்கிட்ட விவரமாச் சொன்னேனே! ‘நானே எங்க அண்ணிகிட்டப் பக்குவமாச் சொல்லிக்கறேன்’னு சிரிச்சுக்கிட்டே போனாங்களே?”

அண்ணி திரும்பினாள். நாத்தனார் ஜன்னல் கண்ணாடியில் அழகு பார்த்தபடி, இரண்டாவது தோட்டின் திருகாணியை முறுக்கிக்கொண்டிருந்தாள்.