ஐந்நூறு மீட்டர்

"ஓட்டுக் கேட்டு வந்தப்ப பல்லைக் காட்டின ஆளு, இன்னிக்குக் கார்ல இருந்து இறங்கும்போதே மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாரு. இவரா நமக்கு நல்லது பண்ணப் போறாரு?" என்றார் லாரி டிரைவர், நகராட்சித் தலைவரைக் கண்ணால் காட்டி.

"மெதுவாப் பேசுங்கண்ணே," என்றாள் பக்கத்து வீட்டுத் தையற்காரி.

நகராட்சிக் கூட்ட அறையின் கடைசிப் பெஞ்சில், மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கைப்பையில் இரண்டு மூக்குத்துணிகள். தெருப் பிள்ளைகள் மூக்கையும் வாயையும் மூடிக் கட்டிக்கொள்ள அவள் வெட்டுத்துணியில் தைத்துக் கொடுப்பவை. ஒன்று புதிது, வெள்ளை. மற்றது ஒரே ஒரு நாள் கட்டியது. கரி.

தெரு முடிவில் நகராட்சியின் குப்பை எரிக்கும் ஆலை. ஒரு கம்பெனி குத்தகைக்கு எடுத்து நடத்துகிறது. புகைபோக்கிக்கும் வீடுகளுக்கும் நடுவே முந்நூறு மீட்டராவது இருக்க வேண்டும் என்று விதி போடச் சொல்லி இரண்டு வருடமாக அலைகிறார்கள். மனுவில் முதல் கையெழுத்து அவளுடையது.

"முதல் தீர்மானம், குத்தகை சம்பந்தமாக..." என்று தலைவர் படிக்கத் தொடங்கினார். குழந்தைக்கு இழுப்பு வந்துவிட்டது.

"வெளியே கூட்டிட்டுப் போம்மா," என்றார் பியூன். "இது வெறும் பத்திர விஷயம். உங்களோடது ரெண்டாவது. நானே வந்து கூப்பிடுறேன்."

டிரைவர் தண்ணீர் வாங்க ஓடினார். தாழ்வாரத்தில் மருந்தை வாயில் அடித்து, முதுகைத் தடவி, குழந்தையின் மூச்சு மூச்சாக மாறியபோது பியூன் கதவைத் திறந்தார்.

உள்ளே போய் இரண்டு துணிகளையும் தலைவர் மேசையில் வைத்தாள்.

அவர் கறுப்பை எடுத்தார்.

"இதைக் கட்டிக்கிட்டா பிள்ளைங்க பள்ளிக்கூடம் போவுது?"

"இல்லீங்க ஐயா. இதைக் கட்டிக்கிட்டுத்தான் தூங்குதுங்க."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"முந்நூறு பத்தாது. ஐந்நூறுன்னு எழுதுங்க. அதுக்குள்ள ஒரு வீடுகூட இருக்கக் கூடாது."

எல்லாக் கைகளும் உயர்ந்தன. மூலையில் உட்கார்ந்திருந்த கம்பெனி மேனேஜர்கூடக் கைதட்டினார்.

வரும் வழியெல்லாம் டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார். "நரம்பில்லாத நாக்கு, தங்கச்சி. என்னென்னவோ பேசிட்டேன். நாம கேட்டது முந்நூறு, மனுஷன் அள்ளிக் கொடுத்திருக்காரே."

"ஆளைப் பாத்து எடை போடக் கூடாதுண்ணே."

அந்த வாரம் அவள் மூக்குத்துணி தைக்கவில்லை. இனி எதற்கு?

ஒன்பதாம் நாள் காலை சர்வேயர் வந்தார். ஒரு கையில் டேப், இன்னொரு கையில் சிவப்புப் பெயிண்ட் டப்பா. தையற்காரி மெஷினை விட்டு எழுந்து ஓடினாள்.

"அந்த முனையைக் குடுங்க தம்பி. நான் பிடிக்கிறேன்."

"எதுக்கும்மா உங்களுக்குச் சிரமம்?"

"ரெண்டு வருஷம் நடந்த காலு. இதுக்கு நடக்காதா?"

புகைபோக்கியின் அடியிலிருந்து டேப்பை நீட்டி, மடக்கி, நீட்டி, தெருவுக்குள் வந்தார்கள். முனையை இழுத்துக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள். மகள் கதவைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தாள்.

"உங்க வீடு நானூத்திப் பன்னெண்டு," என்றார் சர்வேயர்.

"நல்லாப் பாருங்க தம்பி. ஒரு அடிகூட விட்டுடாதீங்க."

அவர் குறித்துக்கொண்டார். பிரஷ்ஷைத் தோய்த்து, அவள் நிலைக்கதவில் பெருக்கல் குறி போட்டார்.

அவள் சிரித்துவிட்டாள். "ஆலைக் கதவுல போட வேண்டியதை இங்க போடுறீங்களே."

சர்வேயர் நிமிரவில்லை.

"ஆலைக்கு அன்னிக்கு முதல் தீர்மானத்துலேயே முப்பது வருஷம் குத்தகையை நீட்டிக் கொடுத்துட்டாங்கம்மா. அது நகராது. இந்தத் தெரு நகராட்சி நிலம். ஐந்நூறுக்குள்ள இருக்கிற வீடுங்கதான் போகணும்."

ஒரு தாளை நீட்டினார். முப்பது நாளில் காலி செய்ய வேண்டும். காரணம் என்ற இடத்தில், 'குடியிருப்போர் வேண்டுகோளின்படி.' பின்னால் அவளுடைய மனுவின் நகல். முதல் கையெழுத்தைச் சுற்றி யாரோ பேனாவால் வட்டம் போட்டிருந்தார்கள்.

டேப்பின் முனை இன்னும் அவள் கையில் இருந்தது.

"டேப்பை விடுங்கம்மா," என்றார் சர்வேயர். "அடுத்த வீட்டை அளக்கணும்."