மச்சினனுக்கு ஓர் அட்டை

"மச்சினனுக்குங்க அம்மிணி, ஒரு அட்டை குடுங்க."

தீர்த்தகிரி சீட்டை நீட்டினார். கொலஸ்ட்ரால் மாத்திரை. நோயாளியின் பேர் இருக்கும் மூலை மட்டும் பதமாகக் கிழிக்கப்பட்டிருந்தது.

அன்புச்செல்வி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். சங்ககிரியில் எட்டு வருஷமாக மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறவள். மாத்திரை யாருக்கென்று அவளுக்கா தெரியாது?

தீர்த்தகிரி லாரிக்கு பாடி கட்டும் பட்டறைக்காரர். ஐம்பது வயசு. தினமும் காலையில் ஓட்டக் குழுவோடு பத்து கிலோமீட்டர் ஓடிவிட்டு, வேர்த்த பனியனோடு கடைக்கு வருவார். பனியனின் முதுகில் பெரிய எழுத்து: 'ஓடுற உடம்புக்கு மாத்திரை எதுக்கு?'

இவ்வளவு ஓடியும் இந்த மனுஷனுக்குக் கொழுப்பு ஏன் குறையவில்லை? அதை ஏன் ஒளிக்க வேண்டும்? அவளுக்கு அதே யோசனை.

வாய் சும்மா இருக்கவில்லை. அதே குழுவில் ஓடும் செங்கோடன் இருமல் மருந்துக்கு வந்தபோது, தீர்த்தகிரி மச்சினன் பேரைச் சொல்லிக் கொழுப்பு மாத்திரை வாங்குவதைச் சொல்லிவிட்டாள். மறுநாளிலிருந்து கிரவுண்ட் முழுக்க ஒரே விசாரிப்பு: "ஏனுங்க, மச்சினனுக்குக் கொழுப்பு எறங்கிடுச்சா?"

தீர்த்தகிரியும் கூடவே சிரித்தாராம்.

அடுத்த மாதம் வந்தவர் தயங்கி நின்றார். "மச்சினனுக்குத் தொடையெல்லாம் வலிக்குதுங்க. மாடிப்படி ஏற முடியல. மாத்திரையை நிறுத்திடலாமுங்களா?"

விளையாட்டை ஒதுக்கிவிட்டுச் சொன்னாள். "தானா நிறுத்த வேண்டாம்னு சொல்லுங்கண்ணா. இன்னிக்கே டாக்டரைப் பார்க்கணும். ரொம்ப ஓடுனாலும் வலிக்கும், இந்த மாத்திரையாலயும் சில பேருக்கு வலிக்கும். ரத்தம் எடுத்துப் பார்த்தாத் தெரிஞ்சிடும். அதுவரைக்கும் ஓட்டம் வேண்டாம்."

"சொல்லிடறேன் அம்மிணி." வேகமாகப் போய்விட்டார்.

ஒரு மாதம் கழித்து வேறொருவர் வந்து நின்றார். கந்தவேல். அந்த ஓட்டக் குழுவின் கோச். பனியன் வாசகமே அவர் எழுதியதுதான்.

அவர் நீட்டிய சீட்டில் பேர் முழுசாக இருந்தது. கந்தவேல், வயது 44. அதே மாத்திரை, அளவு மட்டும் பாதி.

"அந்த மச்சினன் நான்தானுங்க" என்றார். "தீர்த்தகிரி மச்சான் எங்கக்கா ஊட்டுக்காரர். எங்கப்பா நாப்பத்திரண்டு வயசுல நெஞ்சுவலில போயிட்டார். எங்களுக்கு இது வம்சத்துலயே வருதுங்க, ஓடுனா மட்டும் எறங்காதாம். கோச்சே மாத்திரை திங்கறான்னு தெரிஞ்சா மானம் போயிடும்னு மச்சானை வாங்கித் தரச் சொன்னேன்."

"இப்ப வலி எப்படிங்க இருக்குது?"

"குறைஞ்சிடுச்சுங்க. ரத்தத்துல ஏதோ கூடியிருந்துச்சாம். அப்படியே ஓடியிருந்தா கிட்னி வரைக்கும் போயிருக்கும்னு டாக்டர் திட்டுனார். கொஞ்ச நாள் நிறுத்தி வெச்சு, இப்ப பாதி அளவு."

அன்புச்செல்வி அட்டையை எடுத்து வைத்தாள்.

"கிரவுண்டுல அத்தனை பேரும் மச்சானைக் கேலி பண்ணாங்க. பக்கத்துல நின்னு நானும் சிரிச்சனுங்க" என்றார் கந்தவேல், குனிந்தபடி. "நேத்து எல்லார் முன்னாடியும் உண்மையைச் சொல்லிட்டேன். அந்தப் பேச்சை முதல்ல யாரு கிளப்புனாங்கன்னும் மச்சானைக் கேட்டேன்."

பில் எழுதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "என்ன சொன்னாருங்க?"

"தெரியும்னார். பேரு மட்டும் சொல்ல மாட்டேன்னுட்டார். 'அவங்க சொல்லித்தான்டா நீ டாக்டர்கிட்டப் போய்ப் பொழைச்சே'ன்னார்."